மெல்லிய கோட்டைப் பிடியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைச் சுங்கை சிப்புட் கடைத்தெரு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து படித்தேன். வாங்கிய தே தாரிக் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. பலருக்கும் ஒரே சங்கடம்தான்: ஒளியை நிறமாகப் பிரித்துப் படம் பிடிக்கும் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியைச் செய்தாகிவிட்டது, கேமராவையும் மாட்டியாகிவிட்டது, ஆனால் அந்த நிறங்களுக்கு நடுவே தெரிய வேண்டிய மெல்லிய கறுப்புக் கோடுகள் தெளிவாக விழவில்லை. அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அப்பா பால்மரம் வெட்டினார். நான் செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலைநீளம் உண்டு, அதை நானோமீட்டரில் சொல்வோம். எண்ணெயின் தரம் அறிய, 446 நானோமீட்டரிலும் 269 நானோமீட்டரிலும் அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்போம். டோபி என்று அதற்குப் பெயர். அந்த அளவுகருவியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கிரேட்டிங்கை ஒருநாள் பார்த்தேன். கீற்றணி என்று பாடநூல் சொல்லுமே, நெருக்கமாக வரிகள் கீறிய தகடு, அதுதான். வெள்ளை ஒளி அதில் பட்டு நிறமாக விரிந்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இதில் தீராத ஆசை.

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள், பிரெஞ்சு வானியலாளர் கிறிஸ்டியான் புயில் வெளியிட்ட சோலெக்ஸ் என்ற சூரியக் கருவியைப் பார்த்து, சற்று மாற்றி வரைந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் பாகங்களை அச்சிட்டு ஒரு ஸ்பெக்ட்ரோகிராஃப் செய்தார்கள். பிளவு 10 மைக்ரான், காலிமேட்டர் லென்ஸ் 80 மில்லிமீட்டர், கேமரா லென்ஸ் 125 மில்லிமீட்டர், கிரேட்டிங் மில்லிமீட்டருக்கு 2400 கோடு. கேமராவின் பிக்சல் 2.4 மைக்ரான். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை வைத்து எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் மொத்தையாகவே தெரிகிறது. கோடுகள் சாய்ந்து நிற்கின்றன, வில் போல வளைந்தும் இருக்கின்றன. படத்தின் வலது பக்கம் இன்னும் மோசம். கேமரா பழுதா? வேறு வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணம் கேட்கலாமா? – அறிவியல் ஆசிரியர், கோலகங்சார்

பதில்: வணக்கம் ஐயா. பணம் கேட்க வேண்டாம், பொறுங்கள். நீங்கள் சொன்ன நாலு குறையில் ஒன்று குறையே இல்லை. மற்ற மூன்றுக்கும் கேமரா காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஒளி முதலில் பிளவு என்ற மெல்லிய இடுக்கு வழியாக நுழையும், காலிமேட்டர் லென்ஸ் அதை இணைக்கதிராக்கும், கிரேட்டிங் நிறமாக விரிக்கும், கேமரா லென்ஸ் கேமராவில் குவிக்கும். இந்த வழியில் கேமராதான் கடைசி. முன்னால் எங்கே தப்பு நடந்தாலும் அது கேமராவில்தான் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை டோபி அளவு ஒரு வாரமாகத் தாறுமாறாக வந்தது. காலையில் ஒரு எண், அதே எண்ணெய்க்கு மத்தியானம் வேறொரு எண். எண்ணெயைக் குறை சொன்னார்கள், கண்ணாடிக் குப்பியைக் குறை சொன்னார்கள், அளந்த பெண்ணையும் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், புற ஊதா விளக்கை மாற்றியவர் அதைச் சரியாக உட்கார வைக்கவில்லை. அந்தப் பெண் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கருவியானாலும் ஒளி புறப்படும் இடத்திலிருந்து நடந்து வந்துதான் பார்ப்பேன்.

முதலில் ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது சூரியனில் உள்ள ஹைட்ரஜன் சிவப்பு நிறத்தில் பதிக்கும் கறுப்புக் கோடு. சூரியக் கோடுகளில் அது ரொம்பப் பருத்த கோடு. அங்கே வாயு கொதிக்கிறது, அணுக்கள் எல்லாப் பக்கமும் வேகமாக ஓடுகின்றன, அதனால் கோடு அகன்றுவிடுகிறது. அதன் அகலம் சுமார் 0.1 நானோமீட்டர். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பிளவின் பிம்பம் கேமராவில் ஏறக்குறைய 6 மைக்ரான் அகலத்தில் விழும். இரண்டரை பிக்சல். நானோமீட்டரில் சொன்னால் 0.016. ஆக, நீங்கள் ஃபோகஸ் பார்க்க எடுத்துக்கொண்ட கோடு, கருவி காட்டக்கூடிய மிக மெல்லிய கோட்டைப் போல ஆறு மடங்கு பருமன். ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அதில் வித்தியாசமே தெரியாது. பருத்த கோட்டை வைத்து ஃபோகஸ் செய்வது, சாக்குத் தைக்கும் ஊசியின் காதை வைத்துக் கண் பார்வையைச் சோதிப்பது மாதிரி.

மெல்லிய கோடு வேண்டும். அது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம்! நீராவியும் சூரிய ஒளியில் தன் கோடுகளைப் பதிக்கிறது. காற்று சூரியனைப் போலக் கொதிப்பதில்லை, அதனால் அந்தக் கோடுகள் முடி போல மெல்லியவை. கிரேட்டிங்கைத் திருப்பி 589 நானோமீட்டருக்கு வாருங்கள். சோடியத்தின் இரண்டு கறுப்புக் கோடுகள் ஜோடியாக நிற்கும்: 588.995, 589.592. உங்கள் கேமராவில் அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 87 பிக்சல் இடைவெளி வர வேண்டும். வேறு கோடுகளைச் சோடியம் என்று நினைத்து ஏமாறாமல் இருக்க இந்த எண் உதவும். அந்த இரண்டுக்கும் நடுவிலும் பக்கத்திலும் மெல்லியதாகச் சில கோடுகள் தெரிந்தால், அவற்றில் பெரும்பாலானவை நீராவிக் கோடுகள். வறண்ட மலை உச்சியில் இருப்பவர்களுக்கு அவை மங்கலாகத்தான் தெரியும். நமக்கு நன்றாகவே தெரியும். மாலையில் சூரியன் இறங்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் இன்னும் அழுத்தமாக விழும்.

இதற்குத் தொலைநோக்கியும் வேண்டாம், சூரியனை நோக்கிக் கருவியைப் பிடிக்கவும் வேண்டாம். வெயில் படும் ஒரு வெள்ளைத் தாளையோ நீல வானத்தையோ பிளவு பார்க்கட்டும். அது போதும். ஒரு படத்துக்கு ஒரு வினாடி ஆனாலும் பரவாயில்லை. மாணவர்கள் கூடி நிற்கும் இடம், எந்தக் கண்ணும் சூரியனோடு விளையாடக் கூடாது. சூரியனைத் தொலைநோக்கி வழியாகப் பிளவில் விழ வைக்கும் வேலையெல்லாம், முன்னால் சரியான வடிகட்டி பொருத்தி, நீங்கள் பக்கத்தில் நின்று, பிறகு ஒருநாள் செய்யலாம்.

இனி வரிசை. இதில் அவசரம் வேண்டாம்.

கேமரா லென்ஸும் கேமராவும் இருக்கும் குழாயைத் தனியாகக் கழற்றுங்கள். அதை ஒரு சாதாரணப் புகைப்படக் கருவி போல வெளியே நீட்டி, தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பாருங்கள். தூரம் என்றால் உண்மையான தூரம். பள்ளித் திடலின் கோல் கம்பம் 50 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபோகஸ் செய்தால் 125 மில்லிமீட்டர் லென்ஸில் 0.3 மில்லிமீட்டர் தப்பிவிடுவீர்கள். இந்த வேலைக்கு அது பெரிய பிழை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் பிழை 0.016 மில்லிமீட்டர்தான், தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம். நான் வீட்டு மாடியிலிருந்து தெரியும் தொலைபேசிக் கோபுரத்தின் கம்பிகளைப் பார்ப்பேன். காலையில் பனி விலகியதும் செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் தார்ச் சடக்கு சூடேறிவிட்டால் காற்று நெளியும், கம்பியும் நெளியும். கிடைத்த இடத்தில் குழாயை இறுக்கி, பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள்.

இப்போது கேமரா லென்ஸ் இணைக்கதிருக்காகத் தயாராக இருக்கிறது. காலிமேட்டரின் வேலை, பிளவிலிருந்து விரிந்து வரும் ஒளியை இணைக்கதிராக்கிக் கொடுப்பது. அதனால் குழாயை மறுபடி மாட்டி, கேமராப் பக்கம் எதையும் தொடாமல், காலிமேட்டரை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தி நீராவிக் கோட்டைக் கூர்மையாக்குங்கள். பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். காலிமேட்டர் எங்கேயோ நிற்கும், கேமராவை இழுத்து இழுத்து அதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். கோடு ஓரளவு கூராகும். ஆனால் படம் முழுமையாகத் தெளியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சாட்சி உண்டு: தூசி. பிளவில் ஒரு தூசி உட்கார்ந்தால் அந்த இடத்தில் எல்லா நிறமும் தடைபடும். படத்தில் அது, நிறம் விரியும் திசையிலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கறுப்புக் கீற்றாக ஓடும். நிறமாலைக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும், தூசிக் கீற்று படுத்திருக்கும். காலிமேட்டர் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே ஃபோகஸில் கூர்மையாகும். கோடு கூராகும் இடம் ஒன்று, கீற்று கூராகும் இடம் வேறொன்று என்றால், கிரேட்டிங்கில் விழும் ஒளி இணைக்கதிராக இல்லை என்று அர்த்தம். காலிமேட்டரைக் கடுகளவு நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். எனக்கு இது புரிய மூன்று மாதம் பிடித்தது. புரிந்த அன்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். அதனால் ஃபோகஸ் முடியும்வரை பிளவைத் துடைக்க ஓடாதீர்கள். அந்தத் தூசி உங்களுக்காக வேலை செய்கிறது.

கூர்மையை எப்படி அளப்பது? வெறும் கண்ணை நம்ப வேண்டாம். கேமரா மென்பொருளில் படத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு வரைபடமாகக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கோடு ஒரு பள்ளமாகத் தெரியும். ஃபோகஸ் நெருங்க நெருங்கப் பள்ளம் ஒடுங்கி ஆழமாகும். ஆழத்தை எண்ணாக எழுதிக்கொண்டே போங்கள். ஆழம் குறையத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள், திரும்பி வாருங்கள். அப்புறம், தானாக வெளிச்சம் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒளி நிரம்பி வழிந்தால் எண்களை நம்ப முடியாது. மிகப் பிரகாசமான இடம் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருந்தால் நல்லது.

சாய்வுக்கு வருவோம். இங்கே இரண்டு கோணங்கள் இருக்கின்றன, ஒன்றைத் திருப்பி மற்றதைச் சரிசெய்ய முடியாது. தூசிக் கீற்று பிக்சல் வரிசையோடு ஒட்டிப் படுக்கவில்லை என்றால் கேமராவைத் திருப்புங்கள். கீற்று படுத்த பிறகும் கோடுகள் நிமிரவில்லை என்றால், பிளவு கிரேட்டிங்கின் வரிகளுக்கு இணையாக இல்லை. அப்போது பிளவைத் திருப்புங்கள், கேமராவைத் தொடாதீர்கள். முதலில் கீற்று, பிறகு கோடு. மாற்றிச் செய்தால் ஒரு நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். இன்னொன்று: கேமராவை மரை திருகித் திருப்புகிறீர்கள் என்றால், திருப்பும்போது அது முன்னும் பின்னும் நகரும். கேமராக்களில் பரவலாக இருக்கும் டி-2 மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.75 மில்லிமீட்டர். வெறும் 10 டிகிரி திருப்பினாலே 0.02 மில்லிமீட்டர் போய்விடும். உங்கள் ஃபோகஸ் பொறுத்துக்கொள்ளும் அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் திருப்பிய பிறகு ஒருமுறை ஃபோகஸைச் சரிபாருங்கள்.

வலது பக்கம் மங்குவது. உங்கள் சென்சாரில் ஒரு நேரத்தில் விழுவது 20 நானோமீட்டருக்கும் குறைவான துண்டு. அதற்குள் லென்ஸின் நிறக்குறை இவ்வளவு வித்தியாசம் காட்டாது. அதனால் சென்சார் சாய்ந்திருக்கிறது என்றுதான் சந்தேகப்படுகிறேன். கேமராவை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். திரையில் அப்போதும் வலது பக்கமே மங்கினால், கேமராவுக்குள் சென்சாரே சாய்ந்திருக்கிறது. மங்கல் இடது பக்கம் போய்விட்டால், கேமராவின் மேல் பழி இல்லை. அதைப் பிடித்திருக்கும் குழாய்தான் கோணல். ஒரே ஒரு திருகு வைத்துக் கேமராவின் மூக்கை, அதாவது முன்னால் நீண்டிருக்கும் குழலை, ஒரு பக்கமாக இறுக்கும் பிடிப்புகளில் இது சகஜம். 32 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த மூக்கின் விளிம்பில் ஒரு தாளின் கனம் இடைவெளி விழுந்தாலே போதும், சென்சாரின் ஓரம் ஃபோகஸை விட்டு விலகத் தொடங்கிவிடும். அச்சிட்ட பிளாஸ்டிக்கில் ஒரு சின்னப் பிசிறு ஒட்டியிருந்தாலும் இதே கதி. விளிம்பை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள், மூன்று பக்கமும் திருகு வையுங்கள்.

கடைசியாக வளைவு. அதை விட்டுவிடுங்கள். பிளவின் மேல் நுனியிலிருந்தும் கீழ் நுனியிலிருந்தும் வரும் கதிர்கள், நடுவிலிருந்து வரும் கதிரைவிடச் சற்றே வேறு கோணத்தில் கிரேட்டிங்கில் படுகின்றன. அதனால் கோடு வில்லாக வளைகிறது. 2400 கோடு உள்ள கிரேட்டிங்கில் அது நன்றாகவே தெரியும். எந்தத் திருகும் அதை நிமிர்த்தாது. படத்தை எடுத்த பிறகு மென்பொருள் நிமிர்த்திவிடும்.

சோடியத்தில் ஃபோகஸ் கிடைத்த பிறகு ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குத் திரும்புங்கள். நிறம் மாறினால் லென்ஸின் குவியமும் கொஞ்சம் மாறும், அதனால் அங்கேயும் ஒருமுறை ஃபோகஸ் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்திலும் நீராவிக் கோடுகள் உண்டு. அவற்றைப் பாருங்கள், பருத்ததைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் குழாயில் ஒரு பென்சில் கோடு, நோட்டில் ஒரு வரி. மாணவர்களில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் கடையில் வாங்கிய பிளவு வகை ஸ்பெக்ட்ரோகிராஃபை லென்ஸ் தொலைநோக்கியில் மாட்டியிருக்கிறேன். உள்ளே இருக்கும் நியான் விளக்கைப் போட்டால் கோடுகள் ஊசி போல விழுகின்றன. நட்சத்திரத்தை வைத்தால் ஊதாப் பக்கம் மீன் வால் போல விரிந்துவிடுகிறது. கேமரா ஃபோகஸை எவ்வளவு மாற்றினாலும் சரியாகவில்லை. – வாசகர், பந்திங்

பதில்: தம்பி, கேமராவை விட்டு முதலில் கையை எடுங்கள். விளக்கின் கோடுகள் ஊசி போல இருந்தால் பிளவிலிருந்து கேமராவரை எல்லாம் நலம். நீங்கள் இப்போது அதைக் கலைத்திருப்பீர்கள். மறுபடி விளக்கைப் போட்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள்.

இந்தக் கருவியில் இரண்டு ஃபோகஸ் இருக்கிறது. ஒன்று, பிளவைக் கேமராவில் கூர்மையாக விழ வைப்பது. விளக்கு அதை மட்டும்தான் சோதிக்கும், ஏனென்றால் அந்த ஒளி தொலைநோக்கி வழியாக வருவதில்லை. இன்னொன்று, நட்சத்திரத்தைப் பிளவின் மேல் கூர்மையாக விழ வைப்பது. அது தொலைநோக்கியின் வேலை. சாதாரண லென்ஸ் தொலைநோக்கி சிவப்பையும் ஊதாவையும் ஒரே தூரத்தில் குவிக்காது. சிவப்புக்குச் சரியாக வைத்தால் பிளவின் மேல் ஊதா ஒரு வட்டமாகப் பரவி நிற்கும். அதைத்தான் மீன் வாலாகப் பார்க்கிறீர்கள். எந்த நிறம் வேண்டுமோ அந்த இடத்தில் நிறமாலைப் பட்டை மிகவும் ஒல்லியாகும்வரை தொலைநோக்கியின் ஃபோகஸைத் திருப்புங்கள். ஊதாவும் சிவப்பும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் லென்ஸுக்குப் பதிலாகக் குழியாடி உள்ள தொலைநோக்கிதான் சரி. ஆடி நிறம் பார்த்துக் குவிப்பதில்லை.

நட்சத்திரம் பிளவில் விழுகிறதா என்று பார்க்கும் வழிகாட்டிக் கேமராவையும் கவனியுங்கள். முதலில் அதன் ஃபோகஸைப் பிளவின் விளிம்பு கூராகத் தெரியும்படி வைத்துப் பூட்டுங்கள். பிறகு நட்சத்திரத்தைத் தொலைநோக்கியின் திருகால் கூராக்குங்கள். வழிகாட்டிக் கேமராவை நகர்த்தி நட்சத்திரத்தைக் கூராக்கினால் உங்கள் கண்ணுக்கு எல்லாம் அழகாக இருக்கும், பிளவில் பாதி ஒளிகூட நுழையாது. இப்படி ஒரு முழு இரவை இழந்தவர்களை எனக்குத் தெரியும். நம் பக்கம் மழை மேகம் இல்லாத இரவு எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சோதனை விளக்கு தனியாக விற்கிறார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் இருக்கும் எந்த விளக்கையாவது பயன்படுத்தலாமா? – படிவம் நான்கு மாணவி, பாகாவ்

பதில்: தாராளமாக, தங்கச்சி. பழைய சுவிட்ச் கட்டைகளிலும் செருகி எரிய விடும் சின்ன இரவு விளக்குகளிலும் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குமே, அதில் பல நியான். இப்போது வருபவை பெரும்பாலும் எல்.இ.டி. பிரித்துக்காட்ட ஒரு பழைய குறுந்தட்டு போதும். அதன் பளபளப்பில் விளக்கைப் பார். தனித்தனியாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பிம்பங்கள் தெரிந்தால் நியான். ஒரே இழுப்பாக நிறம் பரவினால் எல்.இ.டி. நியான் உனக்கு நல்ல துணை, ஏனென்றால் 653.29, 659.90 என்ற அதன் இரண்டு கோடுகள் ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 656.28க்கு இரு பக்கமும் காவல் மாதிரி நிற்கின்றன.

சுருள் வடிவ மின்சேமிப்பு விளக்கு வீட்டில் கிடந்தால் அதில் பாதரசம் இருக்கிறது. பச்சையில் 546.07, மஞ்சளில் 576.96, 579.07 ஜோடி, நீலத்தில் 435.83. கோடுகள் நன்றாக மெலிந்திருக்கும். ஆனால் அதை உடைத்துவிடாதே, பாதரச ஆவி கெடுதல். நியான் விளக்கையும் கட்டையிலிருந்து பிரித்து எடுக்காதே. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூடிய உறையோடு, அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது, பிளவுக்கு முன்னால் நீட்டினால் போதும்.

கேள்வி: ஹீலியத்தை நம் குண்டூரில் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், தெலுக் இந்தான்

பதில்: பாதி உண்மை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நிறமாலைக் கருவியால் பார்த்தார். சூரிய விளிம்பில் எழும் தழல்களின் ஒளி பளிச்சென்ற கோடுகளாகத் தெரிந்தது. மறுநாள் கிரகணம் இல்லாமலேயே அவற்றைப் பார்த்துவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் என்ற வானியலாளரும் தனியாகப் பார்த்தார். தழல்களின் கோடுகளில் மஞ்சளாக இருந்த ஒன்று சோடியம் இல்லை, புதிய தனிமம் என்ற முடிவு லாக்யர் பக்கத்திலிருந்து வந்தது. பூமியில் ஹீலியத்தை 1895இல் வேதியியலாளர் ராம்சே கண்டார்.

இந்தக் கேள்வியை இங்கே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கோடு 587.56. பக்கத்துச் சோடியக் கோடு 588.995. நடுவே ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. கோலகங்சார் பிள்ளைகளின் கருவியில் அது இருநூறு பிக்சலுக்கு மேல் இடைவெளி. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். பலர் அதைச் சோடியம் என்றே நினைத்தார்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர், சூரியப் புள்ளிகளில் கோடுகள் லேசாக இடம் பெயர்வதைக் கண்டு, அங்கே வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்றார். வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் அந்தப் பெயர்ச்சி அதே பிள்ளைகளின் கருவியில் ஒரு பிக்சல்கூட வராது. அவர் கோடுகள் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்! எனக்குக் கொடைக்கானல் போய் அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசை.

கேள்வி: அச்சிட்ட பெட்டி ஒரே வாரத்தில் ஃபோகஸ் விலகிவிட்டது. லென்ஸில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்கிறது. துடைக்கலாமா? – வாசகர், கூலிம்

பதில்: பெட்டியைக் காரில் வைத்திருந்தீர்களா? அச்சிடப் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வெப்பத்தை நெருங்கினால் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. கோயில் திருவிழாவுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன், கேமராப் பிடிப்பு குனிந்திருந்தது. பெட்ஜி என்ற பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், அதில் அச்சிடச் சொல்லுங்கள். அப்படியும் காரில் விட்டுப் போகாதீர்கள்.

நூல் நூலாகப் படர்வது பூஞ்சை. ஈரம் 40–50 விழுக்காட்டில் நிற்கும் மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் காட்டும் சின்ன அளவியையும் உள்ளே வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிட வேண்டும். லென்ஸை அதற்கான திரவமும் மெல்லிய தாளும் கொண்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல் துடைக்கலாம். கிரேட்டிங்கை மட்டும் எதனாலும் துடைக்காதீர்கள். துணி, பஞ்சு, விரல் எதுவும் படக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. அதன் வரிகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ஒருமுறை தேய்த்தால் போனது போனதுதான். ரப்பர் ஊதுகுழலால் தூரத்திலிருந்து இரண்டு முறை ஊதுங்கள். அதற்குப் போகாத தூசி அப்படியே இருக்கட்டும். கிரேட்டிங்கில் உட்காரும் தூசி கோட்டை மங்கலாக்காது, கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும், அவ்வளவுதான்.